நாற்பத்தாறாம் இடம்

எத்தாளையில் நஃபீஸா டீச்சருக்கு அதுவரை எதிலும் இரண்டாமிடம் கிடைத்ததில்லை. போட்டிக்கு ஆள் இல்லாததுதான் அதற்குக் காரணம் என்று அவருடைய கணவர் மஸாஹிர் சொல்வார். டீச்சர் அதை ஒத்துக்கொண்டதில்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரு துணிப்பையோடு வந்து இறங்கியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் எழுத்தறியாத பெண்களை உட்காரவைத்து ஆனா ஆவன்னா தொடங்கினார். முகாம் ஊராகி, ஓலை ஓடாகி, யுத்தம் முடிந்து பன்னிரண்டு பதின்மூன்று வருடமாகியும் அவர் அதை விடவில்லை. அவரிடம் படித்துத் தன் பெயரை எழுதக் கற்றவர்கள் பாலாவி முதல் கற்பிட்டி வரை இருந்தார்கள். பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருத்தி எழுந்து இடம் கொடுப்பாள். டீச்சர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உட்காருவார்.

இரண்டு ஒழுங்கை தள்ளி யூஜீனியா இருந்தாள். அவளும் டீச்சர் வேலைசெய்த அதே கரையோர வாழ்நாட் கல்விச் சபையின் போதனாசிரியைதான், ஆனால் தையலுக்கு. தையல் ஊசியில் நூல் கோர்ப்பது போல லேசாக எதையும் செய்கிறவள் மாத முடிவில் அறிக்கை எழுதும்போது மட்டும் திணறுவாள். ரகரத்துக்கும் றகரத்துக்கும் அவளுக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. பதினெட்டு வருடமாக ஒவ்வொரு மாதமும் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் வருவாள். டீச்சர் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுப்பார். அவளை டீச்சருக்கு மிகவும் பிடிக்கும். ஒருவரைப் பிடித்துப்போவதற்கு, அவர் நமக்கு ஒரு படி கீழே நிற்பதைப்போல வசதியான காரணம் வேறில்லை.

கொரோனா அடங்கி மின்வெட்டுத் தொடங்கியிருந்த வருடத்தில் சபையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எழுத்தறியாத வளர்ந்தோருக்கு இனிமேல் இணையவழியில் எழுத்தறிவிக்கப்படும். அதற்காக மாவட்டத்தின் போதனாசிரியர்கள் நாற்பத்தாறு பேரும் நிகழ்நிலைக் கற்பித்தலில் உயர் சான்றிதழ் என்ற ஆறுமாதப் பாடநெறியைத் தொடர வேண்டும். இறுதிப் பரீட்சையில் சித்தியடையாதவரின் வகுப்பு மூடப்படும்.

டீச்சர் சபையின் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்து, எழுத்துத் தெரியாதவர்கள் திரையில் வருகிற எழுத்தை எப்படி வாசித்துத் திரையைத் திறப்பார்கள் என்று கேட்டார். அதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் முதலில் உங்களுக்குப் படிப்பிக்கப்போகிறோம் என்று மறுமுனையில் பதில் வந்தது.

கடவுச்சொல்லை இணையவழியில் அனுப்புவது பாதுகாப்பல்ல என்று சபை கருதியது. ஆகவே எல்லோரும் அடையாள அட்டை, அதன் மூன்று பிரதிகள், இன்னார் இன்னார்தான் என்ற கிராம சேவகரின் கடிதம் ஆகியவற்றோடு புத்தளம் கந்தோருக்கு நேரில் போனார்கள். டீச்சரும் யூஜீனியாவும் ஒரே பஸ்ஸில் போய்ப் பகல் இரண்டு மணிவரை ஒரே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். உறைக்கு அரக்கு முத்திரை வைத்து, மேலே சிவப்பில் ‘அந்தரங்கம்’ என்று எழுதியிருந்தார்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திடும் பதிவேட்டில், உறைக்குள் இருந்த கடவுச்சொல் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. டீச்சருடையது கடல்17. அடுத்த வரியில் யூஜீனியாவுடையது கடல்18. ஒருவருடையது மற்றவருக்குத் தெரியவரக் கூடாது என்பதற்காகத்தான் இலக்கங்களை மாற்றியிருப்பதாக எழுதுவினைஞர் விளக்கினார். கடவுச்சொல்லை யாரும் பிறகு மாற்றவும் கூடாதாம். மாற்றுகிறவர் சபையிடமிருந்து எதையோ மறைக்கிறார் என்று கருதப்படுமாம்.

அங்குரார்ப்பண வைபவம் சூமில் நடந்தது. அதிதிகள் ஆறு பேரும் ஆறு ஊர்களிலிருந்து ஆறு மங்கள விளக்குகளை ஏற்றினார்கள். ஒருவருக்குத் தீப்பெட்டி கிடைக்க எட்டு நிமிடமானது. அதுவரை போதனாசிரியர்கள் மரியாதையாக எழுந்து நின்றதால் திரையில் நாற்பது வயிறுகள் தெரிந்தன. பிறகு சபையின் பணிப்பாளர் ஜௌபர் நேர முகாமைத்துவம் பற்றி ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினார்.

“முன்பெல்லாம் வருடத்துக்கு ஒருமுறையாவது உங்கள் வகுப்புகளைப் பார்க்க நான் வர வேண்டியிருந்தது. வராமல் இருப்பதற்கு ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது. இனி அந்தச் சிரமம் இல்லை. தொழில்நுட்பம் நம்மிடையே இருந்த தூரத்தை நீக்கிவிட்டது. நீங்கள் அங்கேயே இருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். ஒலி அடைக்கப்பட்டிருந்ததால் அது கேட்கவில்லை.

பாடநெறியை எங்கோ வெளிநாட்டிலிருந்து வாங்கித் தமிழாக்கியிருந்தார்கள். தமிழாக்கியது மனிதரா இயந்திரமா என்று கடைசிவரை தெரியவரவில்லை. முதல்நாள் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பாடத்தைத் திறந்தபோது மேலே ஒரு மூலையில் ‘வீட்டுக்குச் செல்க’ என்று இருந்தது. டீச்சர் அப்போது சிக்னலுக்காகக் களப்போரம், தோணிகளை இழுத்துப் போட்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். இவ்வளவுதானாக்கும் இன்றைக்கு என்று நினைத்துப் போனை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். மூன்று நாளாக இப்படி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒலி அடைத்திருக்கும்போது வாயைத் திறந்து பேசினால் ‘நீங்கள் ஊமை’ என்று திரை சொன்னது. எழுதிய விடையை அனுப்புவதற்கு இருந்த பொத்தானில் ‘சரணடைக’ என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் நாற்பத்தாறு பேரில் பாதிப்பேர் பயந்து கையை எடுத்துவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் ஆளாகச் சரணடைந்தவள் யூஜீனியா.

அவளுக்கு அது எப்படி வந்தது என்று டீச்சருக்கு விளங்கவில்லை. புதுத் தையல் மெஷின் வந்தால் பிரித்துப் பார்த்துத் திரும்பப் பூட்டுகிறவள் போனையும் அப்படியே பார்த்தாள். எழுத்தைப் பார்க்காமல் எதை அமத்தினால் எது அசைகிறது என்று பார்த்தாள். பிழைவிடுவதில் அவளுக்கு வெட்கமே இல்லை. டீச்சருக்கோ முப்பத்திரண்டு வருடமாகப் பிறர் பிழையைத் திருத்தித்தான் பழக்கம்.

ஒவ்வொரு வெள்ளியும் சபை ஒரு நட்சத்திரப் பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பியது. முதல் பத்துப் பேருக்குப் பச்சை, கடைசிப் பத்துப் பேருக்குச் சிவப்பு. முதல் வாரமே யூஜீனியா மூன்றாமிடம். இரண்டாம் வாரம் முதலிடம். அதன்பிறகு அவள் அங்கேயே குந்தியிருந்தாள். நஃபீஸா டீச்சர் நாற்பத்தைந்தாமிடம். நான்காம் அலகு ‘வளர்ந்தோர் உளவியல்’. வளர்ந்த மாணவரை மற்றவரோடு ஒப்பிடக் கூடாது, பிழையைப் பலர் முன்னிலையில் காட்டக் கூடாது என்று அதில் இருந்தது. அந்த அலகை வாசிக்காதவர்களின் பெயர்களைச் சபை பெரிய எழுத்தில் தனியாக வெளியிட்டது. டீச்சரின் பெயர் அதில் முதலாவதாக இருந்தது.

அந்த ஆறு மாதத்தில் டீச்சருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். ஒரு நிமிடம் தன்னைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்யும் பயிற்சி அது. களப்போரம் காற்று பேய்த்தனமாக அடித்தது. டீச்சர் தன் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, எழுத்தறிவு பற்றி இரண்டு வசனம் சொல்வதற்குள், மேய்ச்சலுக்கு வந்த கழுதையொன்று பக்கத்தில் நின்று நீளமாகக் கத்தியது. பதிவில் காற்றும் கழுதையும் மட்டுமே இருந்தன. ‘தெளிவான உச்சரிப்பு, தன்னம்பிக்கையான குரல்’ என்று பாராட்டி நட்சத்திரம் வந்தது. டீச்சர் அதை யாரிடமும் சொல்லவில்லை. வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை.

நாற்பத்தாறாமிடத்தில் மீராசாஹிப் இருந்தார். முந்தல் பக்கத்தில் படிப்பித்தவர். நல்ல மனிதர். பாடநெறி தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்னரே காலமாகிவிட்டார். பெயர் மட்டும் பட்டியலில் நின்றுவிட்டது. அவருக்கு ஒவ்வொரு வாரமும் பூச்சியம். டீச்சர் பிந்தி அனுப்பிய விடைகளுக்குத் தண்டப்புள்ளிகள் ஏறி, எட்டாம் வாரம் கழுதையின் நட்சத்திரம் போகப் பூச்சியத்துக்கும் கீழே மறை மூன்று வந்தது. அந்த வெள்ளிக்கிழமை மீராசாஹிப் நாற்பத்தைந்தாமிடத்துக்கு முன்னேறினார். அவருடைய முன்னேற்றத்தைப் பாராட்டிச் சபை குழுவில் ஒரு வாழ்த்தும் போட்டது. டீச்சருக்கு ஒரு கணம் அந்த மர்ஹூமின் மேலேயே எரிச்சல் வந்தது. பிறகு அஸ்தஃபிருல்லாஹ் சொல்லி, போனைக் கவிழ்த்து அலுமாரிக்குள் வைத்தார்.

பட்டியலைவிட மோசமானது யூஜீனியாவின் இரக்கம். செவ்வாய்க்கிழமைகளில் அவள் தானாகவே வந்து முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவாள். குரலைத் தணித்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். “இதில பயப்பட ஒண்டுமில்ல டீச்சர். ஆறுதலா, மெள்ள மெள்ளச் செய்வம். எல்லாரும் முதல்ல இப்பிடித்தான்.” இவை, தன் மாணவிகளிடம் தான் சொல்லும் சொற்கள் என்று டீச்சருக்குத் தெரிந்தது. அந்தச் சொற்களைக் கேட்பது இவ்வளவு அவமானமாக இருக்கும் என்று முப்பத்திரண்டு வருடமாகத் தெரிந்திருக்கவில்லை. தலைவலி என்று சொல்லி அவளை அனுப்பிவிடுவார். அவள் போன பிறகு, அவள் போனுக்குப் புதிதாகப் போட்டிருந்த ஊதா உறை கண்ணுக்குள் நிற்கும். மாதக் கடைசியில் அவள் அறிக்கையைக் கொண்டுவரவில்லை. போனே எழுத்துப் பிழையைத் திருத்திவிடுகிறதாம். அன்று பகல் டீச்சர் சாப்பிடவில்லை.

அவள் தையல் ஊசியைப் போல நாலு பக்கமும் குத்துகிறாள் என்று மஸாஹிரிடம் சொன்னார். உப்பளத்தில் மேற்பார்வை பார்த்துவிட்டு வந்து காலில் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டிருந்த மஸாஹிர், அந்தப் பிள்ளை உதவிக்குத்தானே வருகிறாள் என்றார். அதுதான் குத்து என்பது அவருக்கு விளங்கவில்லை.

டீச்சரின் வகுப்பு பள்ளிவாசல்துறையில் நடந்தது. பதினொரு பெண்கள். பெரும்பாலும் கருவாடு போடுகிறவர்கள். அவர்களில் சித்தி ஸுலைஹா என்ற பெயருடையவர் நாற்பது கடந்தவர். போன வருடம் கணவரின் இரண்டு மாத்திரைப் போத்தல்களை மாற்றிக் கொடுத்துவிட்டு, அவரை ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவர். அதன்பிறகுதான் வகுப்புக்கு வந்தார். கிளினிக் கார்டில் எழுதியிருப்பதைத் தானே வாசிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. ‘காலை’ என்ற சொல்லை வாசித்துவிட்டார். ‘இரவு’ இன்னும் சிக்கிக்கொண்டிருந்தது.

“டீச்சர், நீங்க பெயிலாப் போனா வகுப்ப மூடுறாங்களாமே?” என்று ஒருநாள் கேட்டார்.

“யார் சொன்ன?”

“யூஜீனியா மிஸ்தான் பஸ்ஸில கவலப்பட்டா. அவ முதலாம் இடமாமே டீச்சர்?”

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி ‘இரவு’ என்று எழுதினார். வெண்கட்டி இரண்டாக ஒடிந்தது.

இறுதிப் பரீட்சை ஒரு சனிக்கிழமை. காலை ஆறு முதல் மாலை ஆறுவரை யாரும் எப்போதும் எழுதலாம். ஐம்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். நூற்றுக்கு நாற்பது புள்ளி எடுத்தால் சித்தி. டீச்சர் விடிய ஸுபஹுத் தொழுதுவிட்டுக் களப்போரம் போய்க் கவிழ்த்துவைத்த தோணியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். படித்தவற்றை நினைவில் வைத்து எழுதாமல், தான் இத்தனை வருடம் செய்தவற்றை நினைத்து எழுதினார். அதுதான் பிழையாகப் போனது. வளர்ந்த மாணவர் ஒருவர் திரும்பத் திரும்பப் பிழைவிட்டால் ஆசிரியர் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு கேள்வி. ‘பக்கத்தில் போய் உட்கார்தல்’ என்பதைத் தெரிவு செய்தார். சரியான விடை ‘பின்னூட்டப் படிவத்தை அனுப்பிவைத்தல்’. சரணடைந்தவுடன் புள்ளி வந்தது. முப்பத்தெட்டு.

ஒரு கேள்வி. ஒரேயொரு கேள்வி சரியாக இருந்திருந்தால் போதும். டீச்சர் அந்தத் தோணியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பதினொரு பெண்களை நினைத்துத்தான் அழுகை வந்தது என்று பிறகு மஸாஹிரிடம் சொன்னார். அது முழுக்கப் பொய்யல்ல. ஆனால் முதலில் நினைவுக்கு வந்தது யூஜீனியா எத்தனை எடுத்திருப்பாள் என்பதுதான்.

பார்த்தால் என்ன என்று தோன்றியது. பார்க்க மட்டும்தான். டீச்சர் வெளியேறி, யூஜீனியாவின் பெயரைப் போட்டு, கடல்18 என்று அடித்தார். சபையின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அவள் அதை மாற்றியிருக்கவில்லை. பக்கம் திறந்தது. புள்ளி இல்லை. ஐம்பது கேள்விகளும் வெள்ளையாக நின்றன. அவளுடைய ஒழுங்கையில் மின்வெட்டு. மின்சாரம் வந்து போன் சார்ஜ் ஏறிய பிறகு, நாலு மணிக்கு மேல் எழுதுவதாக நேற்றுச் சொல்லியிருந்தாள்.

கீழே பொத்தான் இருந்தது. அதன் அர்த்தம் டீச்சருக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரியாமல் அமத்தினேன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பொய்யாகத்தான் இருந்திருக்கும், ஏனென்றால் ‘சரணடைக’ என்பதை அமத்தியதும் ‘நிச்சயமாகச் சரணடைகிறீர்களா?’ என்று திரை இன்னொருமுறை கேட்டது. டீச்சர் ‘ஆம்’ என்றார்.

வட்டமொன்று சுற்றியது. பிறகு ‘நூறு. மாவட்டத்தில் முதலிடம். வாழ்த்துக்கள் யூஜீனியா’ என்று வந்தது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். நூறுதான். கொஞ்சநேரம் யோசித்ததில் சூத்திரம் பிடிபட்டது. நூறிலிருந்து தொடங்கி, பிழையான ஒவ்வொரு விடைக்கும் இரண்டு புள்ளியைக் கழிப்பதுதான் சபையின் முறை. ஒன்றும் எழுதாதவர் ஒரு பிழையும் விடவில்லை. தான் செய்தது பாவம் என்பது டீச்சருக்கு அப்போது தோன்றவில்லை. அது பலிக்கவில்லை என்பதுதான் தோன்றியது.

ஆறு மணிக்குப் பரீட்சை தானாக மூடிக்கொண்டபோது மீராசாஹிப்பும் நூறு எடுத்தார்.

இணையவழிச் சான்றிதழை நேரில்தான் கொடுக்க முடியும் என்பதால் புத்தளத்தில் விழா வைத்தார்கள். சித்தியடையாதவர்களும் வந்து கைதட்ட வேண்டும். மீராசாஹிப்பின் மனைவி ரம்ஸியாவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் சான்றிதழை வாங்காமல், “இவர் மவுத்தாகி எட்டு மாசம் சேர்,” என்றார். பணிப்பாளர் ஜௌபர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

“எந்தச் சூழ்நிலையிலும் எவரும் பின்தங்கிவிடக் கூடாது என்பதே சபையின் கொள்கை. நேரடி வகுப்பாக இருந்திருந்தால் இவர் இந்தச் சாதனையைச் செய்திருக்க முடியுமா? வரவு ஒன்றே அவரைத் தோற்கடித்திருக்கும்.”

பலத்த கைதட்டல். இந்தமுறை கேட்டது. அடுத்ததாக யூஜீனியா ஏறினாள். சான்றிதழை வாங்கும்போது அவள் கண்ணில் நீர் வழிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று பணிப்பாளர் அறிவித்தார்.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே ஆசனத்தில் இருந்தார்கள். பாலாவிச் சந்தி தாண்டியது. யூஜீனியா சான்றிதழ்ச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். தான் அந்தப் பரீட்சையை எழுதவேயில்லை. நாலரைக்குத் திறந்தபோது ஏற்கனவே சரணடைந்துவிட்டீர்கள் என்று இருந்தது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

“தலவிலக் கோயில்ல அன்னம்மாவுக்கு மெழுகுதிரி நேந்திருந்தன் டீச்சர்,” என்றாள். “யோசிச்சுப் பாத்தா, அவதான் எழுதித் தந்திருக்கிறா போல.”

நஃபீஸா டீச்சர் அந்த நேரம்வரை வாயைத் திறப்பதாக இல்லை. ஆனால் இதைக் கேட்டதும் தாங்கவில்லை. தான் கெடுதலாகச் செய்ததையும் நன்மையாக வேறொருவர் பெயரில் எழுதிக்கொள்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது.

“அவ இல்ல,” என்றார். “நான்.”

எல்லாவற்றையும் சொன்னார். கடல்18 முதல் ‘ஆம்’ வரை. யூஜீனியா யன்னலுக்கு வெளியே வெங்காயத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். நுரைச்சோலை தாண்டியதும் திரும்பினாள்.

“ஆறு மாசம் படிச்சனான் டீச்சர். எழுத்து வராதெண்டு நீங்க பதினெட்டு வருசமாச் சிவப்பால கீறின நான். என்ட மூளையால எவ்வளவு எடுப்பனெண்டு பாக்கத்தான் இருந்தன். இனி எனக்கு அது எந்தக் காலத்திலயும் தெரியாது.” சுருளை எடுத்து டீச்சரின் மடியில் வைத்தாள். “நூறத் தந்து எல்லாத்தையும் எடுத்துப்போட்டீங்க.”

இறங்கும்போது சுருளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு டீச்சரின் வாசலில் வந்து நின்று, கந்தோருக்குப் போக வேண்டும் என்றாள். இருவரும் போனார்கள். போகும்போது தனித்தனி ஆசனத்தில் இருந்தார்கள்.

பணிப்பாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து பார்த்து மூடினார். புள்ளி குறைந்தவர்கள் மேன்முறையீடு செய்யப் படிவம் இருக்கிறது, கூடியவர்களுக்குப் படிவம் இல்லை என்றார். மர்ஹூம் மீராசாஹிப்பும் நூறு எடுத்திருக்கிறாரே சேர், அதிலிருந்தே கணக்குப் பிழையென்று தெரியவில்லையா என்று நஃபீஸா டீச்சர் கேட்டார்.

“அவர் மரணித்த விடயத்தை அவர் எமக்கு எழுத்துமூலம் அறிவிக்கவில்லை,” என்றார் பணிப்பாளர். பிறகு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேடையில் பேசும் குரலில் பேசினார். “யோசித்துப் பாருங்கள். வெறும் தாளுக்கு நூறு என்றால் பரீட்சை பிழை. பரீட்சை பிழை என்றால் பாடநெறி பிழை. பாடநெறி பிழை என்றால் அதற்கு ஒப்பமிட்ட நான் பிழை. நான் பிழை என்றால் என்னை இங்கே நியமித்தவர்கள் பிழை. நீங்கள் இரண்டு பேரும் காலையில் பஸ் ஏறி வந்தது இவ்வளவு பெரிய குற்றச்சாட்டைச் சொல்லவா?”

லாச்சியை இன்னொருமுறை திறந்து மூடினார்.

“ஆகவே நீங்கள் சொல்வது நடக்கவில்லை,” என்று முடித்தார்.

யூஜீனியாவை மாவட்ட வளவாளராக நியமிக்கும் கடிதம் ஏற்கனவே தயாராக மேசையில் இருந்தது. சித்தியடையாத பதினேழு பேருக்கு அவள் இரண்டு மாதம் இணையவழியில் பரிகார வகுப்பு நடத்த வேண்டும். அதன்பிறகு மறுபரீட்சை. அதுவரை அவர்களுடைய வகுப்புகளை மூடத் தேவையில்லை. அந்த வாரமே சபை இன்னொரு சுற்றறிக்கை அனுப்பியது. புள்ளியிடும் முறையில் ஒரு சிறு மேம்பாடு செய்யப்பட்டுள்ளதாகவும், இனிமேல் சரியான விடைக்கே புள்ளி வழங்கப்படும் என்றும், இந்த எண்ணக்கரு முற்றிலும் பணிப்பாளருடையது என்றும் அதில் இருந்தது.

முதல் பரிகார வகுப்பில் யூஜீனியா டீச்சரைப் பெயர் சொல்லி அழைத்து வரவு எடுத்தாள். டீச்சர் என்று சொல்லவில்லை. பதினாறு பேருக்குச் சிரித்தாள். பதினேழாவது ஆளிடம், “நஃபீஸா, நீங்க ஊமையில இரிக்கிறீங்க,” என்று மட்டும் சொன்னாள். மூன்று வாரம் இப்படிப் போனது. ஒழுங்கையில் எதிரே வந்தால் குடையைச் சரித்துக்கொண்டு போனாள். டீச்சர் ஒருநாள் பொரித்த கணவாய் மீனைக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினார். கிண்ணம் கழுவித் துடைத்து வெறுமையாக வந்தது. வழக்கத்தில் அந்த வீட்டிலிருந்து கிண்ணம் வெறுமையாக வருவதில்லை.

நான்காம் வாரம் டீச்சரின் திரை ஒரேயடியாக உறைந்து நின்றுவிட்டது. யூஜீனியாவின் முகம் பாதி வாயைத் திறந்தபடி அப்படியே நின்றது. டீச்சர் போனைத் தட்டினார், உதறினார், களப்போரம் போனார், திரும்பி வந்தார். வகுப்பு முடிந்து கால் மணித்தியாலத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

“அங்கால தள்ளுங்க,” என்று சொல்லி யூஜீனியா பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னாலல்ல, பக்கத்தில். குரலைத் தணிக்கவில்லை, சொல்லை நிறுத்தி நிறுத்திச் சொல்லவுமில்லை. எரிச்சலோடுதான் சொன்னாள். “எத்தின தரம் சொல்றது, இத அமத்தாதீங்கெண்டு? கடைசிப் பாடத்தில என்ன விளங்கேல்ல?”

டீச்சர் சொன்னார். தனக்கு விளங்கவில்லை என்று அவர் வாயால் சொன்னது, நினைவு தெரிந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. அவ்வளவையும் சொல்லி முடிக்க அரைமணி நேரமானது.

அதன்பிறகு அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். சிநேகம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. டீச்சருக்குப் பொறாமையும் போகவில்லை. அவள் விரல் திரையில் ஓடும் வேகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் புளித்தது. ஆனால் புளிப்போடேயே படித்தார். பள்ளிவாசல்துறையில் சித்தி ஸுலைஹா ‘இரவு’ என்பதை வாசித்துவிட்டு, ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்ற மலையில் ஏறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது டீச்சர், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். “கஷ்டம்தான்,” என்றார். “எனக்கும் தலைக்குள்ள ஏறுதில்ல.” ஸுலைஹாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மறுபரீட்சையை டீச்சர் தன் வீட்டு முன்னறையில் எழுதினார். தெய்வாதீனமாகச் சிக்னல் நின்றது. பின்னூட்டப் படிவத்தை அனுப்பிவைக்க வேண்டிய இடத்திலெல்லாம் அனுப்பிவைத்தார். அறுபத்திரண்டு வந்தது. முப்பத்தொரு கேள்வி சரி, பத்தொன்பது பிழை. மஸாஹிர் உடனே பள்ளிவாசல்துறைக்குச் செய்தி சொல்ல மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

அன்று பின்னேரம் யூஜீனியா வந்தாள். டீச்சர் தேத்தண்ணி ஊற்றிவைத்தார். வளவாளர் என்ற முறையில் அவளுக்குப் பெறுபேறு முன்னமே தெரியும், ஆனாலும் அந்தத் திரையைத் தான் பார்க்கலாமா என்று கேட்டாள். டீச்சர் போனைக் கொடுத்தார்.

அவள் முதலாம் கேள்வியிலிருந்து தொடங்கினாள். சரியானவற்றுக்கு நேரே பச்சைக் கோடு, பிழையானவற்றுக்கு நேரே சிவப்பு. ஒவ்வொன்றாக மேலே தள்ளிப் பார்த்தாள். சிலவற்றில் உதடு அசைந்தது. தானாக இருந்தால் என்ன போட்டிருப்பாள் என்று மனதுக்குள் போட்டுப் பார்க்கிறாள் என்பது டீச்சருக்கு விளங்கியது. ஐம்பதாம் கேள்விக்குப் போய்விட்டு மறுபடி முதலாவதற்கு வந்தாள். தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது.

“இவ்வளவும் நீங்களே போட்டதுதானே டீச்சர்?”

“ஓம்.”

“அந்தப் பத்தொம்பது பிழையும்?”

“அதுவும் நாந்தான்.”

யூஜீனியா தலையாட்டினாள். வெள்ளிக்கிழமைப் பட்டியல்களை ஆறு மாதமாக டீச்சர் எப்படிப் பார்த்தாரோ அப்படித்தான் அவள் அந்த அறுபத்திரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்லித்தர டீச்சருக்கு யாரும் தேவைப்படவில்லை. போனைத் திருப்பித் தரத்தான் கை நீட்டினாள். பிறகு மடக்கிக்கொண்டாள்.

“இன்னும் ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்,” என்றாள்.

டீச்சர் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

“ஆறுதலாப் பாருங்க,” என்றார்.